சர்பிட்டனிலிருந்து எப்சம் வரை: லண்டனின் தென்மேற்குப் புறநகரில் குடும்பத்துக்கு வாடகை வீடு எடுக்க முழு வழிகாட்டி

1838-இல் லண்டனிலிருந்து போட்ட ரயில் பாதை கிங்ஸ்டன் ஊரைத் தொடாமல் தெற்கே ஒதுங்கிப் போனது. அப்படி ஒதுங்கிய இடத்தில் முளைத்த ஊர்தான் சர்பிட்டன். கிங்ஸ்டன் பெரிய ஊர், கடைத்தெருவும் ஆற்றங்கரையும் அங்கேதான். இருந்தும் காலையில் மத்திய லண்டனின் வாட்டர்லூ ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் போய்ச் சேருகிறவர்கள் சர்பிட்டன்காரர்கள். தென்மேற்குப் புறநகரின் வாடகைக் கணக்கு இன்றைக்கும் இதில்தான் தொடங்குகிறது. எந்த ஸ்டேஷன், அங்கே எந்த வண்டி நிற்கும், ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை, பள்ளிக்கு எத்தனை மீட்டர் என்ற நான்கும் சேர்ந்து வாடகையை முடிவு செய்கின்றன. படுக்கையறை எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

சர்பிட்டன், நியூ மால்டன், டால்வொர்த், வூஸ்டர் பார்க், சீம், ஸ்டோன்லீ, ஈவெல், எப்சம் ஆகிய ஊர்களில் இரண்டு மூன்று குழந்தைகளோடு வீடு தேடுகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது. சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

முதலில் சட்டம், ஏனென்றால் ஆட்டமே மாறியிருக்கிறது

ஊரில் கேட்டுவைத்த பழைய யோசனைகளில் பாதி இனி உதவாது. வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2025-இன் முக்கியப் பகுதிகள் 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு, ஈராண்டு என்று காலம் குறித்த ஒப்பந்தம் கிடையாது. எல்லாம் மாதாமாதம் தொடரும் குடியிருப்புதான். நீங்கள் வெளியேற நினைத்தால் இரண்டு மாத நோட்டீஸ் போதும். வீட்டுக்காரர் காரணம் சொல்லாமல் வெளியேற்ற முடியாது. விற்கவோ தானே குடிவரவோ வேண்டுமென்றால் முதல் 12 மாதம் அந்தக் காரணத்தைக் காட்ட முடியாது, அதன் பிறகும் நான்கு மாத நோட்டீஸ் தர வேண்டும். வாடகையை ஆண்டுக்கு ஒரு முறைதான், அதுவும் முறையான படிவத்தில் இரண்டு மாதம் முன்னறிவித்துத்தான் ஏற்றலாம். ஏற்றியது சந்தை வாடகைக்கு மேல் என்று நினைத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

தேடுகிற கட்டத்தில் இவற்றைவிட முக்கியமானவை இன்னும் இரண்டு விதிகள். ஒன்று, விளம்பரத்தில் வாடகையை ஒரே தொகையாகக் குறிப்பிட வேண்டும். அதற்கு மேல் தருவதாக யார் சொன்னாலும் வாங்கக் கூடாது. இரண்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வாடகை எதுவும் வாங்கக் கூடாது. கையெழுத்தான பின் குடிபோகும் வரை அதிகபட்சம் ஒரு மாத வாடகைதான்.

புதிதாக வந்திறங்கும் நம் ஆட்கள் இத்தனை நாள் நம்பியிருந்த வழி, 'ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டிவிடுகிறேன்' என்பது. இங்கே கடன் வரலாறு இல்லாதவருக்கு அதுதான் கதவு திறந்தது. அந்தக் கதவு இப்போது மூடிவிட்டது. ஒரே வீட்டுக்கு ஐந்து குடும்பம் கேட்கும்போது யாரும் கூடுதல் பணத்தைக் காட்டி முந்த முடியாது. யாருடைய காகிதங்கள் முழுமையாக, கேள்விக்கு இடமில்லாமல் முதல் நாளே கைக்கு வருகின்றனவோ அவரைத்தான் ஏஜென்ட் வீட்டுக்காரரிடம் முதலில் சொல்வார். ஆகவே வீடு பார்க்கக் கிளம்பும் முன் கோப்பைத் தயார் செய்யுங்கள்.

படி 1: எவ்வளவு வாடகை உங்களுக்குக் கட்டும்

வருமானச் சரிபார்ப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் கணக்கு எளிமையானது. மாத வாடகையை 30-ஆல் பெருக்கினால் வருவது, வரிக்கு முந்தைய ஆண்டு வருமானமாக உங்களுக்கு இருக்க வேண்டிய தொகை. மாதம் 2,400 பவுண்டு வாடகை என்றால் 72,000 பவுண்டு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இருவர் சம்பளத்தையும் கூட்டலாம், ஆனால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். போனஸை முழுதாகச் சேர்க்க மாட்டார்கள். வேலை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாதவருக்குச் சம்பளச் சீட்டுக்குப் பதிலாக நிறுவனத்தின் நியமனக் கடிதம் போதும். அதில் சம்பளம், சேரும் தேதி, நிரந்தரப் பணியா இல்லையா ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

கணக்கு எட்டவில்லை என்றால் ஜாமீன்தாரர் கேட்பார்கள். அவர் பிரிட்டனில் வசிப்பவராக, பொதுவாக மாத வாடகையைப் போல 36 மடங்கு ஆண்டு வருமானம் உள்ளவராக இருக்க வேண்டும். சொந்த வீடு இருந்தால் இன்னும் நல்லது. சொந்தக்காரர் ஒருவரைக் கேட்கும் முன் ஒன்றை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஜாமீன் கையெழுத்து போட்டால் வாடகை பாக்கிக்கு மட்டுமல்ல, பெரும்பாலும் வீட்டுச் சேதத்துக்கும் அவர்தான் பொறுப்பு. கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்களும் உண்டு. செலவு கணிசமானது, திரும்பி வராது. சொந்தத்தில் ஆள் இல்லாதவர்களுக்கு அது ஒரு வழி.

வாடகையோடு மாதச் செலவு முடிந்துவிடாது. கவுன்சில் வரி, அதாவது உள்ளூர் நிர்வாகத்துக்குக் கட்டும் வரி, குடியிருப்பவர் தலையில்தான். வீடுகளை ஏ முதல் எச் வரை எட்டுப் படிகளில் வைத்திருக்கிறார்கள், அதுவும் 1991 ஏப்ரல் மதிப்பை வைத்து. அதனால் ஒரே மாதிரியான இரண்டு வீடுகள் வேறு வேறு படியில் இருப்பதில் அதிசயமில்லை. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அரசு இணையதளத்தில் படி தெரியும். பிறகு அந்த கவுன்சிலின் தளத்தில் அந்தப் படிக்கு எவ்வளவு என்று பாருங்கள். இந்தப் பகுதியில் எல்லைகள் விசித்திரமாக வளைந்து போகின்றன. சர்பிட்டன், நியூ மால்டன், டால்வொர்த் கிங்ஸ்டன் கவுன்சிலைச் சேர்ந்தவை. சீம் சட்டன் கவுன்சிலைச் சேர்ந்தது. எப்சம், ஈவெல், ஸ்டோன்லீ லண்டனுக்கு வெளியே சர்ரே மாவட்டத்தில். வூஸ்டர் பார்க் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள தெருக்களோ மூன்று நிர்வாகங்களுக்கிடையே பிரிந்து கிடக்கின்றன. விளம்பரத்தில் ஊர்ப் பெயர் மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

காரும் இதே எல்லையில் மாட்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களிலும் (லண்டனுக்குள் உள்ள கவுன்சில் பகுதிகள்) புகை அளவுக் கட்டணம் உண்டு. தரத்துக்குக் குறைந்த வண்டிக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. பெட்ரோல் வண்டி யூரோ 4, டீசல் வண்டி யூரோ 6 தரம் இருக்க வேண்டும். ஸ்டோன்லீயில் மலிவாகப் பழைய டீசல் கார் வாங்கி, தினமும் வூஸ்டர் பார்க்கில் குழந்தையைப் பள்ளியில் விடுகிறவர் மாதம் 20 பள்ளி நாளுக்கு 250 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும்.

படி 2: வண்டியைப் பார்த்து ஸ்டேஷனைத் தேர்ந்தெடுங்கள்

லண்டன் ரயில் கட்டணம் மண்டல வாரியானது, மையம் 1-ஆம் மண்டலம். சர்பிட்டன் 6-ஆம் மண்டலம். விரைவு வண்டியில் வாட்டர்லூ சுமார் 20 நிமிடம்தான். அதற்கு அடுத்துள்ள பெரிலேண்ட்ஸ் 5-ஆம் மண்டலம். தூரம் குறைவு, கட்டணம் குறைவு, ஆனால் அங்கே விரைவு வண்டி நிற்காது. எல்லா இடத்திலும் நின்று போகும் வண்டி மட்டும்தான். சர்பிட்டனின் கிழக்கு ஓரத்தில் வீடு எடுத்தால் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடக்கலாம், வாடகையும் சற்றுத் தணியும். நியூ மால்டனும் வூஸ்டர் பார்க்கும் 4-ஆம் மண்டலம். டால்வொர்த் 5, ஆனால் அந்தக் கிளைப் பாதையில் பொதுவாக அரை மணிக்கு ஒரு வண்டி, தவறவிட்டால் அரை மணி நேரம் போயிற்று. எப்சம் 6-ஆம் மண்டலத்தில் இருந்தாலும் வாட்டர்லூ, விக்டோரியா, லண்டன் பிரிட்ஜ் மூன்றுக்கும் வண்டி உண்டு. அலுவலகம் சிட்டி எனப்படும் லண்டனின் நிதி நிறுவனப் பகுதியில் என்றால் அது பெரிய வசதி. வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவர், ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடைக்காகக் கொடுக்கும் கூடுதல் வாடகையை இன்னொரு முறை யோசிக்கலாம்.

உச்ச நேரக் கட்டணம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6:30 முதல் 9:30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும். கால அட்டவணையை ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7:45-க்கு நடைமேடையில் நின்று பாருங்கள்.

படி 3: பள்ளி

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் இடறுகின்றன. 'இந்தத் தெரு அந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது' என்று ஏஜென்ட் சொல்வது வியாபாரப் பேச்சு. பல அரசுப் பள்ளிகளில் நிரந்தர எல்லை என்று எதுவும் கிடையாது. உடன்பிறப்பு அங்கே படிக்கிறாரா, சிறப்புத் தேவை உண்டா போன்ற முன்னுரிமைகள் போக, மீதி இடங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள நேர்கோட்டுத் தூரத்தில் நிரப்பப்படும். ஒவ்வோர் ஆண்டும் கடைசி இடம் எத்தனை மீட்டரில் முடிந்தது என்று கவுன்சில் வெளியிடுகிறது. ஓராண்டு 900 மீட்டர் என்றால் அடுத்த ஆண்டு 600 ஆகலாம். கடைசி மூன்று ஆண்டு எண்களை எடுத்து, அவற்றில் குறைந்ததற்கும் உள்ளே வரும் தெருக்களில் மட்டும் வீடு தேடுங்கள். கூகுள் வரைபடத்தில் நடைபாதைத் தூரம் பார்க்கக் கூடாது. இரு புள்ளிகளுக்கு இடையே நேராக அளக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

தேதிகள் இங்கிலாந்து முழுதும் ஒன்றுதான். மேல்நிலைப் பள்ளியில் 7-ஆம் வகுப்பில் சேர அக்டோபர் 31, தொடக்கப் பள்ளியில் ரிசப்ஷன் வகுப்பில் (1-ஆம் வகுப்புக்கு முந்தையது) சேர ஜனவரி 15 விண்ணப்பிக்கக் கடைசி நாள். முடிவுகள் மார்ச் 1-இலும் ஏப்ரல் 16-இலும் வரும். நீங்கள் குடியிருக்கும் கவுன்சில் வழியாகத்தான் விண்ணப்பம், பள்ளி பக்கத்து பரோவில் இருந்தாலும் அப்படித்தான். கடைசித் தேதிக்குச் சில நாள் முன் வாடகை வீட்டுக்கு முகவரி மாற்றி, பழைய வீட்டைக் காலி செய்யாமல் வைத்திருப்பவர்களைக் கவுன்சில்கள் துருவிப் பார்க்கின்றன. கிடைத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் உண்டு.

இடையில் வந்து சேரும் குழந்தைக்கு விதி வேறு. ரிசப்ஷன், 1, 2 ஆகிய வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகள் என்பது சட்ட வரம்பு. பெயர் பெற்ற பள்ளியின் தெருவிலேயே குடிபோனாலும் வகுப்பில் 30 பேர் இருந்தால் காத்திருப்புப் பட்டியல்தான். அந்தப் பட்டியல் வந்த வரிசைப்படி இல்லை, அதே முன்னுரிமைப்படி அடுக்கப்படும். நேற்று வந்தவர் தூரம் குறைவு என்றால் உங்களுக்கு மேலே ஏறிவிடுவார். ஆகவே இடையில் வருகிறவர்கள் வீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவைக் கூப்பிட்டு, உங்கள் வகுப்பில் எந்தெந்தப் பள்ளியில் இன்று இடம் காலி என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்துத் தேடும் ஊரே மாறலாம். ஜூலை கடைசியில் பள்ளி அலுவலகங்கள் மூடினால் செப்டம்பர் வரை ஆள் கிடைக்காது. ஆகஸ்ட் நடுவில் வந்திறங்கி செப்டம்பர் முதல் வாரம் பள்ளி என்று திட்டமிடுவது இதனால்தான் கவிழ்கிறது.

விளம்பரத்தில் 'ஆஃப்ஸ்டெட் அவுட்ஸ்டாண்டிங்' என்று, அதாவது பள்ளி ஆய்வு அமைப்பின் மிக உயர்ந்த மதிப்பீடு என்று, பளிச்சிட்டால் தேதியைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல்லில் மதிப்பீடு தருவதை 2024 செப்டம்பரிலேயே கைவிட்டுவிட்டார்கள்.

நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் அரசுப் பள்ளியான கிராமர் பள்ளி ஆசையில் இங்கே வருகிறவர்கள் ஏராளம். கிங்ஸ்டனில் டிஃபின் பள்ளி, டிஃபின் பெண்கள் பள்ளி. சட்டன் பரோவில் நான்சச், வாலிங்டன் பெண்கள் பள்ளி, வில்சன்ஸ், சட்டன் கிராமர், வாலிங்டன் கவுன்டி கிராமர். நுழைவுத் தேர்வு 6-ஆம் வகுப்பின் தொடக்கத்தில், செப்டம்பரில் நடக்கும். பதிவு அதற்கு முந்தைய கோடையிலேயே முடிந்துவிடும். தூர விதி பள்ளிக்குப் பள்ளி மாறும், அந்தந்தப் பள்ளியின் சேர்க்கை விதியை வரிக்கு வரி படிக்க வேண்டும். குழந்தை மூன்றாம் வகுப்பில் இருக்கும்போதே அந்தப் பள்ளி வாசலில் வீடு எடுத்து நான்கு ஆண்டு கூடுதல் வாடகை கொடுப்பது வீண் செலவு. இப்போதைய தொடக்கப் பள்ளிக்குப் பக்கத்தில் இருங்கள். மாதாமாதக் குடியிருப்பு என்பதால் தேவைப்படும்போது மாறலாம்.

படி 4: கோப்பு

ஒரே பிடிஎஃப், தெளிவான பெயர், பத்துப் பதினைந்து பக்கம். உள்ளே இருக்க வேண்டியவை:

- முதல் பக்கத்தில் அரைப் பக்கக் குறிப்பு: யார் யார் குடிவருகிறீர்கள், குழந்தைகளின் வயது, எங்கே வேலை, எப்போது குடிவர முடியும், எத்தனை ஆண்டு இருக்க எண்ணம், புகைப்பழக்கம் இல்லை என்ற ஒரு வரி.
- கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அதே மூன்று மாத வங்கி அறிக்கை. சம்பளம் வந்த வரிகளைக் குறித்துவையுங்கள்.
- நிறுவனத்தின் கடிதம், சரிபார்க்க ஒரு மின்னஞ்சலோடு.
- முந்தைய வீட்டுக்காரர் அல்லது ஏஜென்டின் கடிதம். சென்னை வீட்டுக்காரர் எழுதினாலும் பரவாயில்லை, வாடகை கட்டிய வங்கிப் பதிவோடு வைத்தால் மதிப்பு.
- கடவுச்சீட்டுப் பிரதிகளும், வாடகைக்கான ஷேர் கோடும் (விசா நிலையை இணையத்தில் சரிபார்க்க அரசு தளம் தரும் குறியீடு).

ஷேர் கோடு விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, வேலைக்கான கோடைக் கொடுத்துவிடுவது. அரசு தளத்தில் 'வாடகை உரிமை' என்று தேர்ந்தெடுத்து எடுத்தால் அது ஆர் எழுத்தில் தொடங்கும். வேலைக்கானது டபிள்யூவில் தொடங்கும், அது இங்கே செல்லாது. 90 நாள் செல்லுபடியாகும். 18 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும், குழந்தைகளுக்கு வேண்டாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இங்கே வாக்காளர் பட்டியலில் பதியலாம். முகவரி கிடைத்த வாரமே பதிந்தால் கடன் வரலாற்றுக் கோப்பில் அந்த முகவரி ஏறும். அடுத்த வீட்டுக்குப் போகும்போது அது உதவும்.

படி 5: வீடு பார்க்கப் போகும்போது

விளம்பரங்கள் பெரும்பாலும் ரைட்மூவ், ஜூப்லா, ஓபன்ரென்ட் தளங்களில். காலியாவதற்கு நான்கிலிருந்து எட்டு வாரம் முன் ஏறும், அதனால் மூன்று மாதம் முன்பே தேடினால் கைக்கு ஒன்றும் வராது. தளத்தின் எச்சரிக்கைச் செய்தி வந்ததும் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள், போன் செய்யுங்கள்.

இந்தப் பகுதியில் குடும்பங்களுக்கு அதிகம் கிடைப்பது 1930-களில் கட்டிய, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய இரட்டை வீடு. மேலே மூன்று அறை என்பார்கள். அதில் மூன்றாவது அறை பெரும்பாலும் ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காத சிற்றறை. அளவு நாடா எடுத்துப் போங்கள். தரைப்பட வரைபடத்தில் அறையின் அளவு இருந்தாலும், படிக்கட்டின் மேல் பகுதி புடைத்து எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்பது நேரில்தான் தெரியும்.

சமையலறைக்குள் போனதும் அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியின் உறையைத் திறந்து பாருங்கள். வெளிச்சுவருக்குக் குழாய் போகிறதா, அல்லது கரி வடிகட்டி வழியாக அதே காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா? இரண்டாவது வகை என்றால், நம் தாளிப்பும் பொரியலும் ஆறு மாதத்தில் ஹாலின் கம்பளம் வரை ஏறிவிடும். திறந்த சமையலறையாக இருந்தால் இன்னும் மோசம். காலி செய்யும் நாளில் டெபாசிட்டில் கை வைக்கும் முக்கியக் காரணங்களில் எண்ணெய்ப் படலமும் வாசனையும் உண்டு. மேடை வெள்ளைக் கல்லோ பூசாத மரமோ என்றால் மஞ்சள் கறைக்கு இப்போதே ஒரு கனமான விரிப்பு வாங்க நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு இண்டக்‌ஷனா என்று பாருங்கள். அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. இந்தியாவிலிருந்து கொண்டுவரும் கிரைண்டருக்கு மின்னழுத்தம் பிரச்சினையில்லை, அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட். பிளக் மட்டும் மாற்றி, அதனுள் சரியான ஃப்யூஸ் போட வேண்டும்.

பிறகு வீட்டையும் குழாய் நீரையும் சூடாக்கும் பாய்லர். சூடாகாத நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். 0.5-க்குக் கீழே ஊசி நின்றால் எங்கோ கசிவு அல்லது கவனிப்பின்மை. தேவைப்படும்போது மட்டும் நீரைச் சூடாக்கும் வகையா, தொட்டி உள்ள வகையா என்று கேளுங்கள். முதல் வகையில் மேலே ஒருவர் குளிக்கும்போது கீழே சமையலறையில் வெந்நீர் திறந்தால் குளிப்பவர் கத்துவார். பார்க்கப் போன அன்றே இரண்டு குழாயையும் ஒன்றாகத் திறந்து சோதித்துவிடுங்கள், ஏஜென்ட் முகம் சுளித்தாலும்.

ஈரமும் பூஞ்சையும் வடக்குப் பார்த்த அறையின் மேல் மூலையிலும், அலமாரிக்குப் பின்னாலும், சன்னல் ஓரத்து ரப்பரிலும் ஒளிந்திருக்கும். ஓர் அறை மட்டும் புதுப் பெயின்ட் வாசனையோடு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். துணி உலர்த்த எங்கே இடம் என்று யோசியுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வெளியில் காயாது. ஐந்து பேர் துணியை ஹீட்டர் மேல் போட்டு சன்னலை மூடி வைத்தால் எந்தப் புது வீட்டிலும் பூஞ்சை வரும். பிறகு அது வீட்டின் குறையா, உங்கள் பழக்கமா என்று வழக்கு நடக்கும். உலர்த்தி இயந்திரத்துக்கு இடம் இருக்கிற வீட்டுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

தோட்டம் விளம்பரத்தில் அழகு. புல் வெட்டுவது பெரும்பாலும் குடியிருப்பவர் வேலை. வெட்டும் இயந்திரம் வீட்டோடு வருகிறதா என்று கேளுங்கள். டால்வொர்த், ஹூக் பக்கம் ஏ3 நெடுஞ்சாலையின் இரைச்சலையும், சர்பிட்டனில் பிரதான ரயில் பாதையை ஒட்டிய தெருக்களின் அதிர்வையும், ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையிலும் தேம்ஸ் டிட்டனிலும் வெள்ள அபாய வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். ஸ்டேஷனை ஒட்டிய தெருக்களில் கார் நிறுத்த அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கலாம்.

படி 6: பணம் கைமாறும் இடம்

பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று சொல்பவர் மோசடிக்காரர். ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக எடுத்தால், நிலப் பதிவகத்தில் 7 பவுண்டு கட்டி உரிமைப் பத்திரத்தின் பிரதி எடுத்து, பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் என்றால், குறைதீர்ப்பு அமைப்பிலும் வாடிக்கையாளர் பணப் பாதுகாப்புத் திட்டத்திலும் உறுப்பினரா என்று அவர் தளத்தில் இருக்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டம் எதற்கெல்லாம் காசு வாங்கலாம் என்று வரையறுத்துவிட்டது. சரிபார்ப்புக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ளே வரும்போதான கணக்கெடுப்புக்கும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. 2,400 பவுண்டு வாடகை வீட்டுக்குக் கணக்கு இப்படி வரும்:

வார வாடகை என்பது 2,400 × 12 ÷ 52, அதாவது 553.84 பவுண்டு. வீட்டைப் பிடித்து வைக்கும் முன்பணம் அதிகபட்சம் இந்த ஒரு வார வாடகைதான். பாதுகாப்பு டெபாசிட் அதிகபட்சம் ஐந்து வாரம், 2,769.23 பவுண்டு. ஆண்டு வாடகை 50,000 பவுண்டை எட்டினால் மட்டும் ஆறு வாரம் வரை வாங்கலாம். முதல் மாத வாடகை 2,400. ஆக மொத்தம் குடிபோகும் முன் 5,169 பவுண்டு, முன்பணம் இதிலேயே கழிந்துவிடும். மாதத்துக்கு நான்கு வாரம் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் திருத்துங்கள், டெபாசிட் கூடிவிடும்.

முன்பணம் கொடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும். வேறு தேதி எழுத்தில் ஒப்புக்கொண்டால் சரி. வீட்டுக்காரர் பின்வாங்கினால் முழுப் பணமும் திரும்ப வரும். நீங்கள் பின்வாங்கினாலோ, வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதாகத் தெரிந்தாலோ வராது. அதனால் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கு முன்பணம் கட்டி வைக்கும் சாமர்த்தியம் வேண்டாம்.

பேரம் பேச ஆசையிருந்தால் வாடகையில் அல்ல, நிபந்தனைகளில் பேசுங்கள். தோட்டக்காரர் செலவு, துணி துவைக்கும் இயந்திரம், குழந்தை அறைக்குத் திரைச்சீலை, சன்னல் பூட்டு. எல்லாவற்றையும் முன்பணம் கொடுக்கும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் பேச்சில் வலு இருக்காது.

படி 7: ஒப்பந்தம்

இருவர் பெயரில் எடுத்தால் முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்பு. ஒருவர் நோட்டீஸ் கொடுத்தாலே இருவருக்கும் குடியிருப்பு முடிந்துவிடும். தங்கியிருப்போர் பட்டியலில் குழந்தைகள் எல்லார் பெயரும் இருக்க வேண்டும்.

அம்மா அப்பா ஊரிலிருந்து வருகை விசாவில் ஐந்து மாதம் வந்து தங்குவது நம் வீடுகளில் வழக்கம். விருந்தினர் இத்தனை நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கலாம். கையெழுத்துக்கு முன்பே சொல்லி, ஒரு வரி அனுமதி வாங்கி வையுங்கள். வீட்டுக்காரர்கள் மறுப்பது அரிது, சொல்லாமல் இருந்து தெரிய வருவதுதான் மனக்கசப்பு.

உங்கள் கைக்கு வர வேண்டிய காகிதங்கள்: ஓராண்டுக்குள் எடுத்த எரிவாயுப் பாதுகாப்புச் சான்று, ஐந்தாண்டுக்குள் எடுத்த மின்சாரச் சோதனை அறிக்கை, ஆற்றல் திறன் சான்று. கடைசியது குறைந்தது ஈ தரமாக இருக்க வேண்டும். டி-க்கும் ஈ-க்கும் குளிர்காலச் செலவில் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கை மணி வேண்டும். பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு மணியும். சாம்பிராணி போட்டால் மணி அடிக்கும், அதற்காக பேட்டரியைக் கழற்றிவைக்காதீர்கள். பூஜை அலமாரியைச் சன்னல் பக்கம் வைத்து, விளக்குக்கு மேல் கூரையில் கரி படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: சாவி வாங்கிய நாள்

பெட்டிகளை உள்ளே கொண்டுவரும் முன் வீட்டைப் படம் எடுங்கள். ஒவ்வோர் அறையின் நான்கு சுவர், கூரை, கம்பளம், அடுப்பின் உட்புறம், குளியலறை ஓடுகளின் இடுக்கு, தோட்டம், பாய்லர் ஊசி. ஏஜென்ட் அனுப்பும் உள்நுழைவு அறிக்கையில் 'நல்ல நிலை' என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் ஒப்புக்கொண்டால், இரண்டாண்டு கழித்து அந்தக் கீறல் உங்களுடையதாகிவிடும். திருத்தம் சொல்லக் கொடுக்கும் நாட்கள் பெரும்பாலும் ஏழு. அதற்குள் படங்களோடு எழுத்தில் அனுப்புங்கள்.

மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்று மீட்டரின் எண்களையும் அன்றே படம் பிடியுங்கள். சர்பிட்டன், நியூ மால்டன் பகுதிக்குத் தண்ணீர் தருவது தேம்ஸ் வாட்டர். சட்டன், எப்சம் பக்கம் எஸ்ஈஎஸ் வாட்டர். கவுன்சில் வரிக்கு அதே வாரம் பதியுங்கள். அந்தக் கடிதம்தான் பள்ளிக்கும் மருத்துவருக்கும் முதல் முகவரிச் சான்று. இணைய இணைப்புக்கு இரண்டு வாரம் ஆகலாம், ஒப்பந்தம் உறுதியான அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் சேர்த்து உங்களுக்கு விவரம் தர வேண்டும். 31-ஆம் நாள் வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். தவறினால் நீதிமன்றத்தில் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கேட்க உரிமை உண்டு.

குடியிருக்கும்போதும் கிளம்பும்போதும்

சூடாக்கும் அமைப்பு, வெந்நீர், கூரை, குழாய், மின்கம்பி ஆகியவற்றின் பழுது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. போனில் சொன்னாலும் பின்னால் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வீட்டோடு வந்த பழைய குளிர்பெட்டியை 'அன்பளிப்பு, பழுது பார்க்க மாட்டோம்' என்று எழுதியிருக்கிறார்களா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள்.

வெளியேறும் நோட்டீஸ் இரண்டு மாதம் என்றாலும், அது உங்கள் வாடகைக் காலம் முடியும் நாளோடு பொருந்த வேண்டும். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி வாடகைக் காலம் தொடங்குகிறது என்றால், 15-ஆம் தேதி கொடுக்கும் நோட்டீஸ் ஏறக்குறைய மூன்று மாதமாக நீண்டுவிடும். 8-ஆம் தேதியே கொடுத்துவிட்டால் ஒரு மாத வாடகை மிச்சம்.

'தொழில்முறைச் சுத்தம் செய்து ரசீது காட்டு' என்று கட்டாயப்படுத்த முடியாது. வந்தபோது இருந்த சுத்தத்தில் திருப்பித் தந்தால் போதும். நம் சமையலுக்கு அடுப்பையும் புகைபோக்கியையும் மட்டும் ஆள் வைத்துத் துடைப்பது செலவுக்குத் தகும். நியாயமான தேய்மானத்துக்குக் கழிக்கக் கூடாது: ஆறாண்டுப் பழைய கம்பளத்தில் நடந்த தடம் தேய்மானம், இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணம் சேதம். கழிப்பில் உடன்பாடில்லை என்றால் பாதுகாப்புத் திட்டத்தின் இலவசத் தகராறு தீர்வைக் கேளுங்கள். அங்கே நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். அப்போது முதல் நாள் எடுத்த அந்தப் படங்களைத் தேதியோடு அனுப்புங்கள்.